சுரங்கம் யாருக்குத் தேறும்?

(சிம்மக்கல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அரிட்டாபட்டிப் போராட்டம் ஜெயிச்சாச்சு, இனி என்ன பேச்சு என்று சிலர் கேட்கிறீர்கள். 2024 நவம்பர் 7இல் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலத்தில் வேதாந்தாவின் இந்துஸ்தான் ஜிங்க்குக்குப் போனது. ஏறத்தாழ 5,000 ஏக்கர். 2025 ஜனவரி 7இல் மேலூர் பக்கத்துச் சனம் மதுரைக்குத் திரண்டு வந்தது. அதே மாதம் 23ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. சந்தோஷம். ஆனால் 'இந்த இடத்தில் சுரங்கம் தேறுமா' என்ற கணக்கை நாமும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடணும்.

கம்பெனிக்காரன் போடுவது நேரான கணக்கு. எத்தனை டன் பாறை, அதில் எத்தனை சதம் டங்ஸ்டன், அரைத்துப் பிரித்தால் எவ்வளவு கைக்கு வரும், சந்தையில் என்ன விலை. அதில் வெடி, டீசல், மின்சாரம், கூலி, அரசுப் பங்கு, முதலுக்கு வட்டி எல்லாம் கழி. மிச்சம் நின்றால் சுரங்கம், நிற்காவிட்டால் வெறும் கல்லு. நூற்றுக்கு அரைப் பங்கு இருந்தாலே டங்ஸ்டனில் நல்ல தாது. அதாவது ஒரு டன் கல்லுக்கு ஐந்து கிலோ. மீதி 995 கிலோ தூளை எந்தக் கண்மாய்க் கரையில் கொட்டுவான்?

விலையும் இவன் கையில் இல்லை. உலக டங்ஸ்டனில் ஐந்தில் நான்கு பங்கு சீனாவில் எடுக்கிறார்கள். ராஜஸ்தானில் டேகானா சுரங்கம் வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியது. சீனச் சரக்கு மலிந்ததும் 1990களின் தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். நாயக்கர்பட்டியிலோ கணக்கே முடியவில்லை. ஏலம் விட்டது கூட்டு உரிமம்: முதலில் துளை போட்டுப் பார், தேறினால் குத்தகை. ஊரைக் கேட்காமலே ஏலம்!

இனி அவன் எழுதாத பத்திக்கு வருவோம். கனிமச் சட்டம் 24ஏ பிரிவு, நிலத்தின் மேற்பரப்பை அனுபவிப்பவருக்கு இழப்பீடு என்கிறது. பட்டாக்காரர் வாங்கிக்கொள்வார். அவர் வயலில் நாற்று நடுகிற நம்ம அக்காமாருக்கு? 2013 நில எடுப்புச் சட்டம், மூன்று வருஷம் அங்கே வேலை செய்த நிலமற்ற கூலிக் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்கிறது. நல்ல வரிதான். எதைக் காட்டி நிரூபிக்கிறது? வரப்பில் நின்று எந்தப் பண்ணையார் பதிவேடு போட்டார்? புறம்போக்கில் மேயும் ஆட்டுக்கு எந்தத் தாசில்தார் சான்று தருவார்?

கிரானைட் குழிகளைப் பார்த்த மேலூர் இது. சகாயம் அறிக்கை 2015இலேயே நீதிமன்றத்துக்குப் போயிற்று. குவாரிக்காரன் ஏட்டில் அந்தக் குழிகள் எல்லாம் தேறிய குழிகள்தான்.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். இந்த விடுமுறையில் மேலூர் வட்டத்துச் சேரிகளுக்குப் போங்கள். யார், எந்த வயலில், எத்தனை வருஷமாக, என்ன கூலிக்கு என்று நோட்டுப் போட்டு எழுதுங்கள். கிராம சபையில் படித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அடுத்த துளைபோடும் வண்டி வருவதற்கு முன்னால் அந்த நோட்டு தயாராக இருக்கணும்.