கல்விச் சுற்றுலாவும் நம் வீட்டுப் பாட்டியும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்விச் சுற்றுலாவைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்தவன் நான். சுற்றுலா என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, மறுநாள் பிள்ளைகள் எழுதித் தரும் கட்டுரைதான். "காலை மணி 7.00க்குப் பேருந்து புறப்பட்டது. நாங்கள் மகிழ்ச்சியாகப் பாட்டுப் பாடினோம். மாலையில் களைப்புடன் வீடு திரும்பினோம்." நாற்பது பிள்ளைகள், நாற்பதும் ஒரே கட்டுரை! நடுவிலே என்ன பார்த்தார்கள் என்று ஒரு வரி இருக்காது. குற்றம் பிள்ளைகளுடையதல்ல. நாம் அவர்களைப் பார்க்க விட்டால்தானே?

இங்கிலாந்திலே சார்லட் மேசன் என்று ஓர் அம்மையார் இருந்தார். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி தருவது பற்றி 1886-இல் ஒரு நூல் வெளியிட்டார். பிள்ளையைத் தினமும் வெளியே கொண்டு போங்கள், தாய் அதிகம் பேசாதீர்கள், பிள்ளை தானே பார்க்கட்டும், பார்த்ததை ஒரு குறிப்பேட்டிலே வரையட்டும் என்பது அவர் சொன்ன வழி. வீட்டுக்கல்வி தரும் குடும்பங்கள் பல இன்றைக்கும் அதைத்தான் பின்பற்றுகின்றன. நம் நாட்டிலே 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம்; ஆகவே நம் பிள்ளைகள் பள்ளிக்குத்தான் வருவார்கள். ஆனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பெற்றோர் கையிலே இருக்கிறதே!

இப்போது ஒரு கதை சொல்கிறேன். நடந்த கதை.

2004-ஆம் ஆண்டு. கோலா சிலாங்கூருக்கு மின்மினிப் பூச்சி பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப் போக ஏற்பாடு செய்தேன். கம்போங் குவாந்தானில் ஆற்றோரமாக பெரெம்பாங் மரங்கள் நிற்கின்றன. இருட்டியதும் படகிலே போனால், ஆண் பூச்சிகள் எல்லாம் ஒன்றாக மின்னும், ஒன்றாக அணையும். யாரோ விசையைத் தட்டிவிட்ட மாதிரி இருக்கும். அந்தப் பூச்சியின் புழு ஆற்றங்கரைச் சேற்றிலே சின்ன நத்தைகளைத் தின்று வளர்கிறது. மரம் போனாலும் பூச்சி போச்சு, சேறு போனாலும் பூச்சி போச்சு. இதையெல்லாம் நேரில் காட்ட எனக்கு ஆசை.

கையெழுத்துப் பாரம் எல்லாம் திரும்பி வந்தது, ஒன்றைத் தவிர. அந்தப் பையன் கெட்டிக்காரன். வீட்டுக்கே போனேன். அவன் அப்பா என்னை உட்காரச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "ஏன் சார், படிக்கிற பிள்ளைய எதுக்குக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்க? எங்கப்பன் பால்காட்டுல கிடந்தாரு. நான் செம்பனைக் காட்டுல கிடக்கிறேன். இவனாவது வெளிய போகட்டும்னுதானே உங்க பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன்?"

எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. நாம் மரம், செடி, பறவை என்று அழகாகப் பேசுகிறோம். அட்டைக் கடியும் கொசுக்கடியும் பட்டு, விடியுமுன் மங்கு துடைக்கப் போனவருக்குக் காடு என்பது வேறு.

வாசலில் உட்கார்ந்திருந்த அவருடைய தாயார் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தார். "வாத்தியாரய்யா, மின்மினி கிடக்கட்டும். செம்பனைப் பூவுல எது ஆணு, எது பொண்ணுன்னு உங்க பிள்ளைங்களுக்குத் தெரியுமா?" என்றார். பிள்ளைகள் இருக்கட்டும், எனக்கே தெரியாது!

அடுத்த வாரம் பள்ளிக்குப் பின்னால் இருந்த செம்பனைக் காட்டுக்கு நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டு வகுப்பை அழைத்துப் போனேன். பேருந்து இல்லை, கட்டணம் இல்லை. பாட்டிதான் ஆசிரியர். ஒரே மரத்திலே ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் வேறு வேறு காலத்தில் வரும் என்று காட்டினார். ஆண் பூவை முகர்ந்து பார்க்கச் சொன்னார், சோம்பு வாசனை! ஒரு பூவை வெள்ளைத்தாள் மேல் தட்டினார். எள்ளைவிடச் சற்றுப் பெரிய கருப்பு வண்டுகள் ஓடின. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள்.

"நான் குமரியா இருந்தப்போ இந்த வண்டு இங்க கிடையாது. பூத்தூளை முகப்பவுடர் மாதிரித் தூளோட கலந்து, நாங்கதான் மரம் மரமாப் போயி ஊதுவோம். ஊதலைன்னா குலை சரியாப் பிடிக்காது" என்றார்.

பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். கோலா சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்திலேதான் 1917-இல் நம் நாட்டில் முதன்முதலாக வாணிகத்துக்காக நட்டார்கள். மரம் வந்தது, அதன் வண்டு வரவில்லை. அந்த வண்டின் வேலையைத்தான் நம் தோட்டத்துப் பெண்கள் பலர் செய்துகொண்டிருந்தார்கள்! ரஹ்மான் சையது என்ற பூச்சியியல் அறிஞர் கேமரூன் நாட்டில் ஆராய்ந்து கண்டுபிடிக்க, 1981-இல் வண்டு இங்கே கொண்டு வரப்பட்டது. "வண்டு வந்துச்சு, எங்களுக்கு அந்த வேலை நின்னுச்சு" என்று பாட்டி சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்தப் பையன் கடைசிவரை மின்மினி பார்க்க வரவில்லை. அப்பா கையெழுத்துப் போடவே இல்லை. ஆனால் ஆண்டு இறுதியில் பள்ளிக்கு வந்து என்னைத் தனியே அழைத்தார். "சார், ஆண்டு மலருல எங்கம்மா பேரு வருதா?" என்று கேட்டார். மின்மினிச் சுற்றுலாவுக்கு இரண்டு பக்கமும் நான்கு படமும் கொடுத்திருந்தேன். செம்பனைக் காட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. பேருந்து போகாததால் அது எனக்குச் சுற்றுலாவாகத் தோன்றவில்லை போலும். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். இதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இந்த மலரைப் படிக்கும் பெற்றோரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலே பால் வெட்டிய தாத்தா இருக்கிறாரா? மாசி, பங்குனியில் ரப்பர் மரம் ஏன் இலையெல்லாம் கொட்டி நிற்கிறது, கொட்டை வெடிக்கும்போது எவ்வளவு தூரம் தெறிக்கும் என்று பேரப்பிள்ளையிடம் அவர் சொல்லியிருக்கிறாரா? அந்தக் கொட்டையைக் கல்லில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்துப் பையன் கையிலே வைத்தவர்கள் இந்த மண்டபத்திலேயே எத்தனை பேர்? (சிரிக்கிறீர்கள், அப்போ நிறையப் பேர்தான்.) அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த பிறகு அந்தப் பேச்சே நின்று போயிற்று.

அடுத்த மாதம் இப்பள்ளி கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போகிறது. நல்ல இடம். ஈயம் தோண்டிப் பாழாக்கிய நிலத்திலே 1920-களில் மரம் நட்டு மனிதர்களே உண்டாக்கிய காடு அது. 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே காப்பூர் மரத்தடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரு மரத்தின் உச்சி மற்றதைத் தொடாமல், நடுவே வானம் கோடு கோடாகத் தெரியும். நம் பழைய கர்ப்பூரம் அந்த மர இனத்திலிருந்து வந்ததுதான். அதற்காகச் சுமத்திராவின் பாரூஸ் வரை கப்பலில் போன தமிழ் வணிகர்கள் 1088-இல் அங்கே கல்வெட்டே வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

பிள்ளைகளே, அன்றைக்குக் குறிப்பேடும் பென்சிலும் எடுத்துப் போங்கள். ஆளுக்கு ஒரே ஒரு மரம் போதும். பத்து நிமிடம் பேசாமல் பார்த்து வரைந்து வாருங்கள். ஆசிரியர்களே, தயவுசெய்து மறுநாளே கட்டுரை கேட்காதீர்கள்.

பேருந்தில் 44 இருக்கை, பிள்ளைகள் 36 பேர், ஆசிரியர்கள் நால்வர் என்று தலைமையாசிரியர் சொன்னார். மீதி நான்கு இருக்கைக்குத் தோட்டத்தில் வேலை செய்த பாட்டி, தாத்தா நால்வரை அழைத்துப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் பெயர் அடுத்த ஆண்டு மலரில் வரட்டும். முன்வரிசை தலைசுற்றும் பிள்ளைகளுக்கு வேண்டும். பாட்டிமாருக்கு இரண்டாவது வரிசை கொடுங்கள்.