சென்னைக்கு எத்தனை தூரம்?

2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகரில் ஷாதிபூர் என்றொரு பகுதி உண்டு. ஷாதி என்பதற்குத் திருமணம் என்பது பொருள். 1858-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இருநூறு கைதிகளுடன் முதற் கப்பல் வந்து சேர்ந்த தீவு இது. நன்னடத்தை காட்டிய கைதிகள் பின்னாளில் மணம் புரிந்து குடும்பமாக வாழ இசைவு பெற்றனர் என்பதை நினைவிற்கொண்டால், இப்பெயர் செவியில் வேறு விதமாக ஒலிக்கும். திரும்பும் வழியை எண்ணவும் இயலாதவர்கள் அவர்கள். இன்று அங்கே வாழும் தமிழரோ, ஊருக்குப் போய்வரும் வழியைக் கணக்கிட்டுக்கொண்டே வாழ்கின்றனர்.

அக்கணக்கைச் சற்றே பார்ப்போம். இந்நகருக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். பழைய அளவில் 850 மைல். விமானம் இதனை ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரத்தில் கடக்கிறது. கப்பலுக்கோ இரண்டரை நாள் முதல் மூன்று நாள் வரை வேண்டும். அதுவும் நாள்தோறும் புறப்படுவதன்று.

ஒரு வியப்பைக் கூறாமல் இருக்க இயலவில்லை. 2024 நவம்பரில் இங்கிருந்து கோலாலம்பூருக்கு விமானப் போக்குவரத்துத் தொடங்கியது. அத்தொலைவு ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். சென்னைத் தொலைவுக்கு அநேகமாகச் சமம். ஆயினும் கிழக்கே அங்கு இறங்குவோர் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். மேற்கே சென்னையில் இறங்குவோர் தொடவே வேண்டுவதில்லை. சூரியன் நம் அரசாங்கக் கடிகாரத்தைப் பார்த்து எழுவதில்லை அல்லவா? சென்னையைக் காட்டிலும் தீவில் அது சுமார் ஐம்பது நிமிடம் முந்தி உதிக்கிறது. மார்கழியில் மாலை ஐந்து மணியளவிலேயே அங்கு விளக்கேற்றிவிடுவார்கள். விமானம் இரண்டேகால் மணி நேரம் பறக்கும் வழியைக் கதிரவன் ஐம்பதே நிமிடத்தில் கடந்துவிடுகிறான்!

இவை வேடிக்கைக் கணக்குகள். வேடிக்கையல்லாத கணக்கும் ஒன்று உண்டு. இராமநாதபுரத்தருகே ஒரு சிற்றூரில் தாயார் காலமானார் என வைத்துக்கொள்வோம். செய்தி நொடியில் ஷாதிபூருக்கு வந்துவிடுகிறது. மகனோ, முதலில் விமானத்தில் இடம் தேட வேண்டும். பிற்பகலில் கிடைத்தால், மாலையில் சென்னை. அங்கிருந்து இரவு முழுதும் இரயில். விடிந்த பின் பேருந்து. வாசலிலிருந்து வாசல் வரை அளந்தால், இரண்டேகால் மணி நேரம் ஒரு முழு நாளாக நீண்டுவிடுகிறது. கடும் மழையில் தீவில் இறங்க இயலாமல், வந்த வழியே சென்னைக்குத் திரும்பும் விமானங்களும் உண்டு. அருகில் ஒதுங்குவதற்குப் பயணிகள் விமான நிலையம் வேறில்லை. அன்று கிளம்ப வேண்டியவர்கள் மறுநாள் வரை காத்திருக்க நேரிடும்.

"இரண்டு மணி நேரந்தானே, ஏன் இன்னும் வரவில்லை?" என்று ஊரிலுள்ளோர் கேட்பது இயல்பே. வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள் பலரும் இக்கேள்வியைச் செவியுற்றிருப்பீர்கள். விமான அட்டவணையில் உள்ள நேரத்தை மட்டும் அவர்களிடம் சொல்லி வையாதீர்கள். இடம் கிடைப்பதற்கு ஒரு நாள், வந்து சேர்வதற்கு ஒரு நாள் என்று நல்ல நாளிலேயே எடுத்துரைத்துவிடுங்கள். அடக்கத்தை எத்தனை நேரம் நிறுத்தி வைப்பது என்று பங்காளிகள் கூடிப் பேசும் வேளையில், அதனை விளக்க எவருக்கும் பொறுமை இராது.