கணக்கு ஒரே இடத்தில் இருக்கலாமா?

போன மழையில நம்ம கணக்காளர் வீட்டு கம்ப்யூட்டர் கெட்டு, மூணு வருஷக் கடன் கணக்கும் போச்சு. பழைய நகலில் கட்டி முடித்தவர் பேரிலேயும் பாக்கி நின்றது! வீடு வீடாகப் பாஸ்புக் வாங்கித்தான் சரிசெய்தோம்.

பிறகு இதைக் கற்றோம். வைஃபை ரூட்டரில் யுஎஸ்பி துளை இருக்கிறதா பாருங்கள், எல்லாவற்றிலும் இருக்காது. இருந்தால் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, ரூட்டர் செட்டிங்கில் கோப்புப் பகிர்வை இயக்கி, பாஸ்வேர்டு போடுங்கள். அந்த வைஃபையில் உள்ள போன், கம்ப்யூட்டர் எல்லாவற்றிலிருந்தும் கணக்கைச் சேமிக்கலாம், எடுக்கலாம். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் நடக்கும். இதற்கென்றே தனிப் பெட்டி விற்கிறார்கள். நமக்கு இப்போ அந்தச் செலவு வேண்டாம்.

டிஸ்க்கும் ஒருநாள் கெடுமே! அதனால் மாதக் கூட்டத்தன்று இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, தலைவி வீட்டு பீரோவில் வைக்கிறோம்.