பக்கத்தில் அமர்ந்து கற்பிப்போம்

(யூபிலி ஆண்டையொட்டி நடைபெற்ற பெற்றோர், இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டு கணக்குப் பார்க்கும் ஆண்டு. ஆலயத்திற்கு எத்தனை முறை வண்ணம் பூசினோம், எத்தனை வீடுகள் பங்கில் கூடின என்ற கணக்கெல்லாம் இம்மலரின் வேறு பக்கங்களில் இருக்கும். நாம் இன்று பார்க்க விரும்பும் கணக்கு ஒன்றே ஒன்று. நம் தெருக்களில் மூன்றாம், நான்காம், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளில், தன் பாடப் புத்தகத்தைப் பிறர் துணையின்றி வாசித்துப் பொருள் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்?

நமது சிங்கப்பெருமாள் கோவில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரகடத்திற்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வழி பிரியும் ஊர். இருங்காட்டுக்கோட்டையில் 1998 இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010 இல் ரெனால்ட் நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இவற்றைச் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகள் பெருகின. அதனால் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது, நன்றி கூறுவோம். ஆனால் கம்பெனி பஸ் ஷிப்டுக்கு ஷிப்டு வருகிறது. பிள்ளையின் மாலைப் பொழுதோ ஒரே நேரத்தில்தான் வருகிறது. அப்பா இரவு ஷிப்டுக்குப் புறப்படுகையில் அம்மா இன்னும் வீடு திரும்பவில்லை. பிள்ளையின் நோட்டைத் திறந்து பார்க்க வீட்டில் ஆளில்லை. ஆகவே டியூஷனுக்கு அனுப்புகிறோம். பல இடங்களில் டியூஷன் என்பது ஓர் அறையில் முப்பது பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை எழுதி முடிக்கும் இடமாக இருக்கிறது. எழுதி முடிப்பது வேறு, கற்றுக்கொள்வது வேறு அன்றோ?

பின்தங்கிய பிள்ளையைக் கண்டுபிடிப்பது எளிதன்று. அவன் குறும்பு செய்வதில்லை. எல்லாரும் சேர்ந்து ஒப்பிக்கும்போது அவன் குரலும் சேர்ந்து ஒலிக்கும். கரும்பலகையில் உள்ளதை முத்து முத்தாகப் பார்த்து எழுதுவான். பக்கத்துப் பிள்ளை தாளைத் திருப்பினால் அவனும் திருப்புவான். தனியாக எழுப்பி வாசிக்கச் சொன்னால் மட்டும் தலை குனிவான். இப்படி மறைந்து வாழ ஒரு சிறு பிள்ளை நாள்தோறும் எவ்வளவு பாடுபடுகிறது என்று எண்ணிப் பாருங்கள்! ஆசிரியர்கள் அக்கறையோடுதான் உழைக்கிறார்கள். ஆனால் பாடம் வகுப்பின் வேகத்தில் நகர வேண்டியிருக்கிறது. இரண்டாம் வகுப்பில் ஒரு படியைத் தவறவிட்டவனுக்கு நான்காம் வகுப்புப் பாடம் எட்டாத கொம்புத் தேனாகிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 42 இலிருந்து 17 ஐக் கழி என்கிறோம். பிள்ளை 35 என்று எழுதுகிறது. சிவப்பு மையால் தவறு என்று போடுகிறோம். மறுநாளும் அப்படியே எழுதுகிறது. மீண்டும் சிவப்பு மை. உண்மையில் அப்பிள்ளை கவனக்குறைவாக எழுதவில்லை. 2 இலிருந்து 7 போகாது என்பதால் 7 இலிருந்து 2 ஐக் கழித்து 5 என்றும், 4 இலிருந்து 1 ஐக் கழித்து 3 என்றும் தனக்கென ஒரு விதியை வகுத்துக்கொண்டிருக்கிறது. “எப்படிச் செய்தாய், சொல் பார்க்கலாம்” என்று யாரேனும் பக்கத்தில் அமர்ந்து கேட்டால்தான் அவ்விதி வெளியே வரும். பிறகு துடைப்பக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி நான்கு கட்டு, தனியாக இரண்டு குச்சி என்று வைத்து, ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டினால் அதன் கண்கள் மலரும். நூறு கணக்குகளைத் திரும்பத் திரும்ப எழுதவைப்பதால் கிட்டாத பயன் இதனால் கிட்டும்.

தன்னம்பிக்கையும் இங்கேதான் பிறக்கிறது. “நீ கெட்டிக்காரன்” என்று நாள் முழுவதும் சொன்னாலும், வாசிக்கத் தெரியாத பிள்ளை அதை நம்பாது. நேற்று வராத ஒரு பத்தி இன்று தன் வாயால் வந்தது என்று அது தானே அறியும்போதுதான் நிமிர்ந்து உட்காரும். திறமை முன்னே வரும். துணிவு அதன் கையைப் பிடித்துக்கொண்டு பின்னே வரும்.

இது புதிய எண்ணமன்று. 1789 இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆன்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் போதகர், நம் நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் இல்லத்திலும் அவ்வாறே எழுத்துக் கற்பிக்க விரும்பினார். பெரியவர்கள் அதற்கு உடன்படாதபோது, ஜான் ஃபிரிஸ்கென் என்ற சிறுவனிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தார். பிள்ளைக்குப் பிள்ளையே கற்பிக்கும் அந்த ஏற்பாடு நன்கு நடந்தது. 1797 இல் பெல் இதைப் புத்தகமாக வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்திலும் பரவியது. நம் தமிழ் மண்ணின் மணலில் கிடைத்த பாடம் அது.

1984 இல் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம், ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் கற்ற சராசரி மாணவன், வழக்கமான வகுப்பில் கற்ற நூறு பேரில் ஏறக்குறைய தொண்ணூற்றெட்டுப் பேரை விஞ்சினான் என்று எழுதினார். பின்வந்த ஆய்வுகளில் பலன் அவ்வளவு பெரிதாகக் காணப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுவோம். ஆனாலும் நல்ல பலன் உண்டு என்பதை அவை உறுதி செய்தன.

“நாங்கள் ஆசிரியப் பயிற்சி பெறாதவர்கள் ஆயிற்றே” என்பீர்கள். மும்பையில் 1990களில் தோன்றிய பிரதம் என்ற அமைப்பு, அந்தந்தப் பகுதியிலேயே வாழ்ந்த, பள்ளிப் படிப்பு முடித்த இளம் பெண்களைப் ‘பால்சகி’, அதாவது குழந்தைகளின் தோழி, என்று நியமித்தது. பின்தங்கிய பிள்ளைகளைச் சிறு குழுவாகத் தனியே அமர்த்தி, நாளுக்கு இரண்டு மணி நேரம் அடிப்படை எழுத்தும் எண்ணும் கற்பித்தார்கள். மும்பையிலும் வதோதராவிலும் 2001 முதல் 2003 வரை இதனை ஆராய்ந்தபோது, மிகவும் பின்தங்கியிருந்தவர்களே மிகுதியாக முன்னேறியது தெரிந்தது. இந்த ஆய்வைச் செய்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019 இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்கள்.

நம் மாநிலத்தையே பாருங்கள். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. அப்போது தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கியது. தெருத் திண்ணையிலும் மரத்தடியிலும், அந்தந்தத் தெருவின் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை வேளைகளில் சுமார் இருபது பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளீதரன் ஆகிய ஆய்வாளர்கள் கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதங்களில், இழந்த கல்வியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இத்திட்டத்தால் வந்தது என்று கணித்தார்கள். பட்டம் பெற்ற பெரிய அறிஞர்களால் அன்று. நம் வீட்டு அக்காமார்களாலும் அண்ணிமார்களாலும் வந்தது!

ஆகவே நாம் செய்யக்கூடியது யாது? முதலாவதாக, ஒருவருக்கு மூன்று அல்லது நான்கு பிள்ளைகளே போதும். இரண்டாவதாக, வகுப்பைக் கேட்காமல் நிலையைக் கண்டறிய வேண்டும். எழுத்து, சொல், வாக்கியம், சிறு கதை என்று ஒவ்வொன்றாக வாசிக்கக் கேட்டு, எங்கே தடுமாறுகிறதோ அங்கிருந்து தொடங்க வேண்டும். இதைப் பிறர் முன்னிலையில் செய்தல் ஆகாது. மூன்றாவதாக, வாரத்தில் குறித்த நாள்களில், குறித்த நேரத்தில், அதே ஆள் வரவேண்டும். இன்று ஒருவர், நாளை வேறொருவர் என்றால் பிள்ளை மனம் திறக்காது. நான்காவதாக, அண்ணனோடும் அடுத்த வீட்டோடும் ஒப்பிடலாகாது. ஐந்தாவதாக, பெற்றோரின் சம்மதத்தோடு, பலர் கண்ணில் படும் திறந்த தாழ்வாரத்தில்தான் கற்பிக்க வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்பில் விதிவிலக்கு எவருக்கும் இல்லை.

பள்ளி ஆசிரியரிடம் பேசி, அவருடைய வேலைக்குத் துணையாகவே இதைச் செய்வோம். பிள்ளை புத்தகத்தை முகத்தருகே பிடித்தாலோ, கூப்பிட்டும் திரும்பாவிட்டாலோ, முதலில் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டச் சொல்வோம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே உழைப்பவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்புக்கு முன் தமிழ்ப் பேச்சுப் பழக்கம் தேவை. அவர்களோடு கதை பேசுவதே முதல் பாடம். எந்தச் சமயத்துப் பிள்ளையானாலும் வரட்டும். கட்டணம் வேண்டாம்.

பணி ஓய்வு பெற்றவர்களே, வார விடுமுறையில் வீட்டிலிருக்கும் தொழிலாளரே, கல்லூரி செல்லும் தம்பி தங்கைகளே, உங்களிடம் நாம் கேட்பது வாரத்தில் இரண்டு மணி நேரம். மூன்றாம் வகுப்பில் வாசிப்பைத் தவறவிட்ட பிள்ளை, பின்னாளில் ஐ.டி.ஐ. வாயிலிலும் கம்பெனி வாயிலிலும் அதன் விலையைக் கொடுக்கிறது. நம் கண் முன்னே உயர்ந்து நிற்கும் தொழிற்சாலைகளின் உள்ளே நம் பிள்ளைகள் தேர்ந்த தொழிலாளராக, பொறியாளராகச் செல்வார்களா, அல்லது வெளியே சுமை இறக்கி நிற்பார்களா என்பது இப்போதே, இந்த எட்டு, ஒன்பது வயதிலேயே முடிவாகிக்கொண்டிருக்கிறது.

தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிப்போன ஆயனின் கதையை நாம் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். வகுப்பு நடத்தும் ஆசிரியரால் அப்படி விட்டுப் போக முடியாது. நம்மால் முடியும். வருகிற ஞாயிறு முதல் ஆலய வாயிலில் ஒரு நோட்டு வைக்கப்படும். ஒரு பக்கத்தில் கற்பிக்க வருவோர் பெயரும், மறுபக்கத்தில் பிள்ளையை அனுப்ப விரும்பும் பெற்றோர் பெயரும் எழுதலாம். இரு பக்கங்களும் நிறையட்டும்.