அயல் மண்ணில் ஓர் இளம் விமானி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் வள்ளுவரையோ கம்பரையோ பற்றிப் பேசுவதே மரபு. யான் ஒரு ரயில்வே குமாஸ்தா. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். கற்றோர் நிறைந்த இவ்வவையில் அத்துறையில் இறங்க அஞ்சி, பத்தொன்பது வயதில் மாண்ட ஒரு வங்காளப் பிள்ளையைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன். பிழைப்பை நாடி இடம்பெயர்ந்த நமக்கு அவன் வரலாறு அந்நியமன்று.

இந்திர லால் ராய் 1898 டிசம்பர் 2-ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தான். தந்தையார் பாரிஸ்டர். தாயார் லலிதா ராய், 1911-இல் லண்டனில் வாக்குரிமை வேண்டி மாதர் நடத்திய ஊர்வலத்திற் கலந்துகொண்ட இந்தியப் பெண்மணிகளுள் ஒருவர். பிள்ளைகள் லண்டனிலேயே வளர்ந்தனர். இந்திரன் அங்கே செயிண்ட் பால் பள்ளியிற் பயின்றான்.

முதல் உலகப் போரில் விமானப் படையிற் சேர விண்ணப்பித்தான். கண்பார்வை போதாதென்று தள்ளிவிட்டார்கள். இவனோ தன் மோட்டார் சைக்கிளை விற்று, அப்பணத்தில் பெயர்பெற்ற கண் மருத்துவரிடம் மறுசோதனை செய்வித்து, முதல் தீர்ப்பையே மாற்றுவித்தானாம். மனுக் கொடுத்துவிட்டு மறுமொழிக்காகக் காத்துக் கிடந்து பழகிய நமக்கு இது பெருவியப்பே!

1917 ஜூலையில் அதிகாரியானான். அவ்வாண்டு டிசம்பர் 6-ஆம் நாள் அவன் விமானம் தரையில் மோதியது. இறந்தானென்று எண்ணிப் பிணவறையில் இட்டார்கள், உள்ளிருந்து கதவைத் தட்டினான் என்றும் கூறுவர். அது எவ்வாறாயினும், பறக்கத் தகுதியற்றவன் என்று மருத்துவர்கள் விலக்கியது மெய். விடாது மன்றாடி, 1918 ஜூனில் 40-ஆம் விமானப் பிரிவில் சேர்ந்தான்.

ஜூலை 6 தொடங்கி 19 முடியப் பத்து வெற்றிகள்; 8-ஆம் நாள் மட்டும் நான்கு மணி நேரத்தில் மூன்று! 22-ஆம் நாள், வட பிரான்சில், ஜெர்மானிய விமானங்களோடு வானிற் பொருதுகையில் வீழ்ந்தான். ‘டிஸ்டிங்விஷ்ட் ஃபிளையிங் கிராஸ்’ என்னும் விருது செப்டம்பரில் அறிவிக்கப்பெற்றபோது, பெற்றுக்கொள்ள அவன் இல்லை.

அடிமை நாட்டுப் பிள்ளை ஆள்வோரின் போரில் ஏன் சாகவேண்டும் என்று கேட்பார் உளர். நேர்மையான கேள்விதான். ஆயினும், பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் அக்கணக்கைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

எஸ்தெவெல் என்னும் சிற்றூரின் இடுகாட்டில் அவன் உறங்குகிறான். கல்லறையில் பிரெஞ்சு மொழியோடு வங்க எழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளது. இது மாவீரன் ஒருவனின் கல்லறை, மரியாதை காட்டுக, தொடாதே என்பது அதன் கருத்து. ஆங்கிலப் பள்ளியிற் பயின்று, ஆங்கிலப் படையில் மாண்டவனுக்குத் தலைமாட்டில் தாய்மொழி!

1960-இல் திருத்தணி தமிழகத்தைச் சேர, ஆந்திரத்தைச் சேர்ந்தது இச் சத்தியவேடு. இங்கே நம் காலனிக் குழந்தைகள் தமிழ் பேசுகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னால் விழிக்கிறார்கள். தெலுங்கை நன்கு கற்கட்டும். நமக்குச் சோறிடும் மண்ணின் மொழி அது. தமிழுக்கும் ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கலாகாதா? சங்கத்தில் கரும்பலகை இருக்கிறது. கற்பிக்க யான் வருகிறேன். குழந்தைகளின் பெயர்களை விழா முடிந்ததும் செயலாளரிடம் கொடுத்துச் செல்லுமாறு வேண்டுகிறேன்.