மெழுகும் தையலும்

(மாதர் ஐக்கியக் கூட்டத்தில் ஒரு சகோதரி கொடுத்த செய்தியின் சுருக்கம்)



பாட்டிக் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். உருக்கிய மெழுகால் பருத்தித் துணியில் வரைந்து, சாயத்தில் முக்குவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மெழுகு வெடித்த இடத்தில் நரம்புபோல் ஓடும். சென்னைக்கு அருகே 1966இல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக் கலைஞர்கள் தங்கள் பிழைப்புக்காக இந்த வேலையையும் செய்தார்கள்.

நல்ல சமாரியன் படம் ஒன்றைச் சுவரில் தொங்கவிடத் தைக்கத் தொடங்கினேன். அவசரத்தில் மிச்ச மெழுகை எடுக்கவில்லை. ஊசி ஒட்டியது, தையல் கோணியது. பிரித்தேன். நெருக்கமாக நெய்த துணி, ஊசித் துளைகள் மறையவில்லை.

பிறகு தாள்களுக்கு நடுவே படத்தை வைத்து, தாளில் கறை படிவது நிற்கும்வரை இஸ்திரி போட்டேன். அடியில் பழைய சேலைத் துணி, நடுவில் மெல்லிய பஞ்சு, மேலே படம். மூன்றையும் நடுவிலிருந்து ஓரம்வரை இழையோட்டிச் சேர்த்து, படத்தின் கோடுகளின்மேலேயே தைத்தேன். காயம் கட்டுகிற கைகள் மேடாக எழும்பி நின்றன. பின்புறம் மேல் ஓரத்தில் கம்பு நுழைக்க ஒரு பட்டி வைத்தேன்.

அது இப்போது நம் ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் கூடத்தில் தொங்குகிறது. அறுவை சிகிச்சை முடிந்த ஒரு தாயார் அந்தத் துளைகளைத் தொட்டுப் பார்த்து, "இதற்கும் தையல் பிரித்தார்களா அம்மா?" என்றார்.

பெட்டியில் மடிந்து கிடக்கும் பாட்டிக் படங்களைக் கொண்டுவாருங்கள். சேர்ந்து தைப்போம். விற்கும் பணம் ஏழை நோயாளிகளுக்கே. தேவன் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக.