தொழிற்பயிற்சியும் தலைமைக் குணமும்

(திருமங்கலத்தில் நம் சங்கத்தின் சார்பிற் கூடிய வாலிபர் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நூல்களைப் பயிற்றுவித்து வாழ்பவன் யான். ஆயினும், தலைமைக் குணம் நூலினால் மட்டும் வாய்ப்பதன்று என்று சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கின்றேன். ஒரு தொழிலிற் கைவைத்துப் பழகி, அதன் பொறுப்பைப் படிப்படியாக ஏற்பவனிடத்தே அது வளர்கின்றது.

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, சாத்தங்குடி என்னும் ஊர்களோடு ஒருங்கு வைத்து எண்ணப்பட்ட வாணிகத் தலம் நம் திருமங்கலம். மாட்டு வண்டிகளிற் சரக்கேற்றிச் சென்ற நம் முன்னோர், கள்வர்க்கு அஞ்சிப் பேட்டைகள் அமைத்துச் சரக்கையும் மாடுகளையும் காத்தனர். வாணிகத்திலிருந்து மகமை என ஒரு சிறு தொகை எடுத்துவைத்துப் பொதுக் காரியங்களை நடத்தினர். அவர்களுடைய கடையில் வேலைக்கு அமர்ந்தவன் முதலிற் கடையைக் கூட்டுவான்; பிறகு பொட்டலம் கட்டுவான்; தராசு பிடிப்பான்; கொள்முதலுக்கு உடன் செல்வான்; கடைசியிற் கல்லாவில் அமர்வான். நம்பிக்கை பெற்றவனுக்கு முதலாளியே கைம்முதல் உதவித் தனிக்கடை வைத்துக் கொடுப்பதும் உண்டு. ஒவ்வொரு படியிலும் வேலை மாறியதோடு பொறுப்பும் ஏறியது என்பதை நீங்கள் நோக்கவேண்டும்.

இனி யாவரும் அறிந்த ஒரு வரலாற்றைச் சொல்வேன். 1922-இல் சிவகாசியினின்றும் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவுக்குச் சென்றனர். எட்டுத் திங்கள் அங்கே தங்கித் தீப்பெட்டித் தொழிலைப் பயின்று, 1923-இல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினர். செய்முறையை ஒரு தாளில் எழுதி வாங்கி வந்தாற் போதாதோ என்று நீங்கள் கேட்கலாம். போதாது. என்னை? தீக்குச்சியின் தலைக்குரிய மருந்தில் இன்ன இன்ன பொருள் சேரும் என்று புத்தகம் சொல்லும். மருந்துக் கலவை எவ்வளவு இறுகினால் முக்கலாம் என்பதைக் கண்ணும் கையுமே சொல்லும். காற்றில் ஈரம் மிக்க நாளில் குச்சி காயத் தாமதிக்கும். சிவகாசியின் வறண்ட வானம் இத்தொழிலுக்கு உதவியது அதனாலேதான். இவற்றையெல்லாம் அறிந்தவன் சொன்னாலன்றித் தொழிலாளி ஒருவன் மனமொப்பிக் கேட்பானோ? பயிர் செய்ய மழையை எதிர்பார்த்துச் சலித்த மண்ணிலே, ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கு வேலை தந்த தொழில் ஒன்று இருவர் மாணாக்கராய் இருக்கச் சம்மதித்ததனால் வேரூன்றிற்று.

நிற்க. கைவேலை பழகினாற் போதும், தலைமை தானே வரும் என்று எண்ணுவதும் பிழையே. இதனை என் வீட்டிலேயே கண்டேன். என் தந்தையார் இவ்வூர்க் கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்தார். என் தமையனார் பதினெட்டு வயது முதல் அவரோடு உழைத்தவர். மூட்டையைக் கண்டமட்டில் எடை சொல்வார். பருப்பைக் கையில் அள்ளியவுடன் தரம் சொல்வார். ஆனால் கணக்குப் புத்தகத்தைத் தந்தையார் ஒருநாளும் அவர் கையிற் கொடுத்ததில்லை. "இன்னும் காலமிருக்கிறது" என்பதே அவர் கூறும் விடை. ஓரிரவில் மாரடைப்பால் தந்தையார் மறைந்தார். யார் நமக்குத் தரவேண்டும், யாருக்கு நாம் தரவேண்டும், எந்த மொத்த வியாபாரியிடம் எவ்வளவு தவணை கேட்கலாம் என்பதொன்றும் தமையனார்க்குத் தெரியவில்லை. இரண்டே ஆண்டிற் கடை மூடப்பட்டது. அவர் சோம்பரும் அல்லர்; அறிவிலியும் அல்லர். பதினாறு ஆண்டு வேலை கற்றார். ஒரு நாளும் பொறுப்புக் கற்கவில்லை. அன்புமிக்க தந்தையே அதற்குக் காரணமாயினார் என்பதுதான் என் நெஞ்சை இன்றும் அறுக்கின்றது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தொழிற்பயிற்சி என்னும் பெயரால் குழந்தைகளைப் பள்ளியினின்றும் பிரிப்பது பெரும் பாவம். சிவகாசித் தொழிற்சாலைகளிற் குழந்தைகள் உழைத்ததுபற்றிய வழக்கில் 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புக் கூற நேர்ந்தது நாம் மறைக்கத்தகாத வரலாறு. விருதுநகரிற் பிறந்த காமராசர், இளமையிலே படிப்பு நின்று தாய்மாமன் துணிக்கடையில் வேலைசெய்தவர். தேசியத் தொண்டராய்ச் சேர்ந்து, 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்திற் சிறை புகுந்து, 1940-இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராகி, 1954-இல் முதலமைச்சரானவர். தொண்டு செய்தே தலைமை கற்ற அப்பெரியார், தம்மைப்போற் பிள்ளைகளும் கடையிற் பழகினாற் போதும் என்று இருந்தாரல்லர். பள்ளிகளைத் திறந்து மதிய உணவும் அளித்தார். ஆதலின் முதலிற் பள்ளி, உரிய வயதிற் பணி, பணியோடு பொறுப்பு. இதுவே முறை.

பெரியோர்களை யான் வேண்டிக்கொள்வன மூன்று. முதலாவது, வாரத்தில் ஒரு நாளேனும் உங்கள் மகனையோ மகளையோ கல்லாவில் அமர்த்தி, கொள்முதலையும் அவர்களே பேசி முடிக்கச் செய்யுங்கள். பக்கத்தில் இருங்கள், ஆனால் பேசாதிருங்கள். சிறு நட்டம் வரின், அதனைக் கல்விச் செலவாக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது, உங்களிடம் நெடுநாள் உழைக்கும் பணியாளர்க்கும் இவ்வாய்ப்பை அளியுங்கள். தீப்பெட்டித் தொழிலிற் குச்சி அடுக்கியதும் பெட்டி ஒட்டியதும் பெரும்பாலும் பெண்கள் கைகளே. மேற்பார்வைப் பொறுப்பு மட்டும் அவர்களுக்கு எட்டாததாய் இருப்பானேன்? மூன்றாவது, வரும் ஆண்டு விழாவின் வரவு செலவை இக்கூட்டத்து இளைஞர்களும் இளம்பெண்களுமே நடத்திப் பொதுக்குழுவில் கணக்கு ஒப்புவிக்கட்டும்.

வாலிபர்களே! பொறுப்பு வரும்வரை காத்திராமல், சிறு வேலையையும் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். தெரியாததைத் தெரியாது என்று கேட்க நாணாதீர்கள். பெரியோர்களே! கணக்குப் புத்தகம் இன்று கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. அதன் திறவுச்சொல்லும் உங்களோடு மறைந்துவிடக் கூடாது. என் தமையனார்க்குக் கிடைக்காதது உங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும்.